ஜிகினாவும் மூலைப்பூட்டும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கடந்து போகிறவர்களுக்குப் பெட்டிகளின் நிறம்தான் முதலில் கண்ணில் படும். நீலம், சிவப்பு, துருவேறிய பழுப்பு; பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் கப்பல் கம்பெனியின் பெயர். ஆனால் அந்தப் பெட்டி உலக வாணிபத்தை மாற்றியது நிறத்தால் அல்ல. அதன் எட்டு மூலைகளிலும் துளையிட்ட வார்ப்பு எஃகுத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் துளைகளின் அளவும் இடைவெளியும் எல்லா நாடுகளிலும் ஒன்றே. ஆகவேதான் சிங்கப்பூரில் ஏற்றிய பெட்டியைச் சென்னையின் கிரேன் பிடித்துத் தூக்க முடிகிறது. அதே பெட்டி லாரியின் மீதும் சரக்கு ரயிலின் மீதும் அசையாமல் பூட்டிக்கொள்கிறது. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பியதில் தொடங்கிய கதை, 1983இல் சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையமாக வந்து நின்றது. மூட்டை சுமந்து வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பை அது அரித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு முன்னேற்றம் மெய்யானது என்பதற்கும் அது எல்லோருக்கும் நல்லது என்பதற்கும் இடையே தூரம் உண்டு.

கணினி இயங்குதளங்களின் புதிய பதிப்புகள் மெய்யான வளர்ச்சியா, வெறும் ஜிகினா வேலையா என்ற சர்ச்சை எழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. சர்ச்சையில் இரு தரப்பாரும் பெரும்பாலும் பேசுவது நிறத்தைப் பற்றி. மூலைப்பூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனெனில் அதை விளம்பரத்தில் காட்ட முடியாது.

நிறத்தின் கதையை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். 2007 ஜனவரி இறுதியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது அதன் பெருமையாகக் காட்டப்பட்டது, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சன்னல் விளிம்புகள். அந்தக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவதற்கே அன்றைய கணினிகள் பலவற்றுக்கு மூச்சு வாங்கியது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ‘ஸ்டார்ட்’ பொத்தானை எடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து 8.1 அதைத் திருப்பி வைத்தது. 2015இல் விண்டோஸ் 10 பொத்தானுக்குரிய பட்டியலையும் திருப்பித் தந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 அதை இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. ஒரு பொத்தானை எடுத்தல், வைத்தல், நகர்த்தல் ஆகிய மூன்று திருப்பணிகளுக்கு ஒன்பது ஆண்டுகள். பழைய கள், புதிய மொந்தை என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே மொந்தைகூடப் புதிதல்ல, வைத்த இடம்தான் புதிது.

இதை வைத்து எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் தமிழில் வாசிக்கிற, எழுதுகிற ஒருவர் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

இணையத்தில் தமிழ் தவழ்ந்த காலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எழுத்துரு. ஒரு கதையை வாசிக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். அடுத்த இதழுக்குப் போனால் அடுத்த எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் டிஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அச்சகங்களில் இவை எதிலும் சேராத தனியார் எழுத்துருக்கள். ஒரே மொழியை எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் வாசிக்க முடியாமல் இருந்தோம். யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் இடம் இருந்து என்ன பயன்? ‘கெ’ என்று எழுதினால் சேமிப்பில் ககர மெய் முதலிலும் கொம்பு பின்னாலும் நிற்கும். திரையில் கொம்பு முன்னால் வந்தாக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய வேண்டியது இயங்குதளம். அது தெரியாத கணினியில் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளியிட்ட வட்டத்தோடு அநாதையாக நிற்கும்.

விண்டோஸ் வரிசையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்த முதல் பதிப்பு விண்டோஸ் 2000. ‘லதா’ என்ற எழுத்துருவும் அதனோடு வந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பியிலும் அந்தத் திறன் உண்டு, ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டைக் கணினிக்குள் செலுத்த வேண்டும். பர்மா பஜாரில் வாங்கிய தகடு யாரிடம் இருக்கிறது என்று தெருவெல்லாம் விசாரித்த காலம் அது. எதுவும் செய்யாமலே, பெட்டியைத் திறந்தவுடன் தமிழ் தெரிந்தது விஸ்டாவில்தான். ஊரே கேலி செய்த அதே விஸ்டா. அதன் விளம்பரங்கள் கண்ணாடியைக் காட்டினவே தவிர, தமிழின் கொம்பைக் காட்டவில்லை. பின்னாளில் கைப்பேசிகளிலும் இதே கதை திரும்ப நடந்தது. தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி வெறும் கட்டங்களாக வந்து விழும். ஒரு பதிப்பு ஏறியதும் கட்டங்கள் எழுத்துகளாயின. இதை ஜிகினா என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு தலைமுறையின் வாசிப்பே அந்தப் பதிப்பு மாற்றத்தின் மேல் நிற்கிறது.

மறுபுறமும் உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களின் நிழலில் இருக்கும் சிறிய டி.டி.பி. கடைகளுக்குள் போனவர்கள் அறிவார்கள். திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, தொழிற்சங்கத் துண்டறிக்கை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் உருவாகும் இடம். நான் அடிக்கடி போகும் அப்படியொரு கடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 10. ஆதார் படிவம், மின்கட்டணம், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதில். மற்றொன்று மூலையில், இணைய இணைப்பே இல்லாமல், எக்ஸ்பியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 2004இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அதற்கு யூனிகோட் தெரியாது. அதில் அடித்த தமிழ் உண்மையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துக்குரிய எண்கள்தாம் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு தனி எழுத்துரு தமிழ் வேடம் போட்டுவிடுகிறது. எழுத்துரு போனால் வேடம் கலைந்து, ‘அம்மா’ என்பது எவனோ பூனை நடந்த விசைப்பலகையில் அடித்த ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். கடைக்காரருக்கு இருபது ஆண்டு உழைப்பு அந்த மூலைக் கணினிக்குள் இருக்கிறது. எட்டாண்டுக்கு முன் இறந்த ஒருவரின் நினைவஞ்சலியைத் தேதி மாற்றி மறுபடி அடிக்க வருகிறவர்களுக்கு அவர் அங்கிருந்துதான் எடுத்துத் தருகிறார். “இது செத்தா நானும் கடைய மூட வேண்டியதுதான் சார்” என்று அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

அவர் பழமைவாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்டிசைன் பக்கம் போகலாமே என்று நானே கேட்டிருக்கிறேன். 2012இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கக் கற்றுக்கொண்டது. யூனிகோடில் அழகாகப் புத்தகம் அமைக்கலாம். புதிய வேலைகளை அதில் செய்யலாம்தான். பழைய கோப்புகளை என்ன செய்வது? பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வழி அந்த சி.எஸ்.6 வரைதான் இருந்தது. அதற்கடுத்த பதிப்புகளில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். திறந்தாலும் உள்ளே இருப்பது வேடமிட்ட எழுத்து. அதை யூனிகோடாக மாற்றிப் பிழை திருத்த வேண்டும். ஒரு சுவரொட்டிக்கு இது ஐந்து நிமிட வேலை. இருபது ஆண்டுச் சேமிப்புக்கு?

இது ஒரு கடையின் துயரம் மட்டுமல்ல. தமிழின் சிற்றிதழ்களில் பெரும்பகுதி தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் இப்படித்தான் கோக்கப்பட்டன. அந்த இதழ்களின் கதைகளும் கட்டுரைகளும் காகிதத்தில் இருக்கின்றன. கணினியில் இருப்பவை வேடங்கள். வேடத்துக்குரிய எழுத்துருவை விற்ற நிறுவனங்கள் சில இன்று இல்லை. முன்னேற்றம் என்பதற்கு எழுத்தாளர்களாகிய நமக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டென்றால் அது இதுதான்: இன்று எழுதியதை முப்பது ஆண்டு கழித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தக் கருவியிலும் திறந்து வாசிக்க முடியுமா? யூனிகோட் அந்த அளவுகோலில் தேறுகிறது. கண்ணாடி விளிம்பு அந்தத் தேர்வுக்கே வருவதில்லை.

இன்னொரு வகை மூலைப்பூட்டு உண்டு. அது ஓட்டையை அடைக்கிற வேலை. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. திரையில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. மே 12 அன்று வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகைச் சுற்றி வந்தபோது, திருத்தத்தை ஏற்றியிருந்த கணினிகள் அதன் பாய்ச்சலிலிருந்து தப்பின, ஏற்றாதவை மாட்டின. ஆதரவு நின்று மூன்றாண்டு ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட அன்று அவசரத் திருத்தம் கொடுத்தார்கள். அடுத்த மாதம், ஜூன் 27 அன்று, நாட்பெட்யா. இது துறைமுகத்தில் வாழ்கிறவர்களுக்குப் புரியும் விபத்து. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகெங்கும் ஒருசேர அணைந்தன. நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் நின்றது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று சொல்ல ஆளில்லாமல் லாரிகள் காத்துக் கிடந்தன. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் தாவோஸில் சொன்னார். பயனர் கணக்குகளை ஆளும் சர்வர்கள் எல்லாம் அழிந்துபோக, கானா நாட்டில் இருந்த ஒன்றுமட்டும் பிழைத்திருந்தது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்வெட்டு! மின்வெட்டுக்கு நன்றி சொல்லும் வாய்ப்பு எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகையைச் சுவாசித்து வளர்ந்த எங்களுக்கு ஒருமுறையும் வாய்த்ததில்லை.

ஆனால் நாட்பெட்யாவின் கதையில் ஒரு கோணல் இருக்கிறது. அது முதலில் நுழைந்த வழி, உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் இற்றைப்படுத்தல். ‘புதுப்பித்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவர்கள்தாம் முதலில் வீழ்ந்தார்கள். உள்ளே நுழைந்தபின் அது கடவுச்சொற்களைத் திருடிப் பரவியதால், மார்ச் மாதத் திருத்தத்தை ஏற்றிய கணினிகளும் தப்பவில்லை. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த பெரிய இற்றைப்படுத்தல் சிலருடைய கோப்புகளையே அழித்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். இவற்றைக் கேட்டுவிட்டு இற்றைப்படுத்தலே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரை மூடர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரது தவறு வேறு. அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த அச்சத்தை வளர்த்ததில் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. 2016இல் விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி வந்த அறிவிப்பை மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடினால், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மூடுவது மறுப்பது என்று இருபது ஆண்டுகளாகப் பழக்கியவர்களே அதன் பொருளை ஒரே நாளில் மாற்றினார்கள். பழைய ஐபோன்களின் வேகத்தை இற்றைப்படுத்தல் வழியே குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி திடீரென அணைந்துவிடாமல் இருக்கத்தான் என்றார்கள்; காரணம் நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் முன்பே சொல்லவில்லையே.

ஆகவே என் வழக்கு புதுமையின் மேல் அல்ல, கட்டி விற்பதன் மேல். நியாயவிலைக் கடையில் அரிசி வேண்டுமானால் கூடவே ஒரு சோப்பும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். ஓட்டை அடைப்பது அரிசி. நடுவுக்கு வந்த பொத்தான், பணிப்பட்டையில் முளைக்கும் செய்தித்துணுக்கு, கேட்காமலே பேச வரும் செயற்கை அறிவு உதவியாளர் எல்லாம் சோப்பு. அரிசியை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலில்தான் சோப்பு விற்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு நின்றது. இதுவே கடைசி விண்டோஸ் என்று 2015இல் அந்நிறுவன ஊழியர் ஒருவர் மேடையில் சொன்ன பதிப்பு அது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். சுமார் 2017 வரை விற்ற செயலிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. நான் சொன்ன கடையின் முதல் கணினி அந்த வகை. அதில் எந்தப் பழுதும் இல்லை. தட்டச்சு செய்கிறது, அச்சிடுகிறது, படிவம் அனுப்புகிறது. குரோம் உலாவி விண்டோஸ் 7ஐ 2023இல் கைவிட்டதுபோல ஒருநாள் இதையும் கைவிடும். அன்று வரித்தளம் திறக்காது. இயந்திரம் சாகவில்லை, சுற்றத்தார் விலகுகிறார்கள். இப்படி 24 கோடிக் கணினிகள் பயனற்றுப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. நகரம் கழித்துக் கட்டியதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்பதைக் கொடுங்கையூருக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. எல்லாப் பழைய பதிப்பையும் என்றென்றும் காத்துக்கொண்டிருக்க முடியாது. பொறியாளர்களுக்குச் சம்பளம் வேண்டும். டி.பி.எம். சில்லும் வெறும் சாக்கல்ல, மறைகுறிகளைத் திருடர்களிடமிருந்து பாதுகாக்க அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் இந்த வாதத்தை உடைப்பது அந்நிறுவனமே விற்கும் வேறொரு சரக்கு. மருத்துவக் கருவிகளுக்கும் ஆலை இயந்திரங்களுக்குமென்று விண்டோஸ் 10இன் ‘ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021’ என்ற பதிப்பு உண்டு. அதற்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதில் பொத்தான் நகராது, புதிய அலங்காரம் எதுவும் சேராது. ஆலைகளில் இயங்குதளம் இடம் மாறினால் உற்பத்தி நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, அரிசியைத் தனியே தர முடியும். எண்ணூரின் பெரிய ஆலை அதைக் கேட்டு வாங்கலாம். அதே சாலையில் இருக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கு அந்தக் கவுண்டர் திறப்பதில்லை. அவருக்கு அறிவிக்கப்பட்டது 2026 அக்டோபர் வரையிலான ஓராண்டு நீட்டிப்பு. அதற்கும் அமைப்புகளை நிறுவனத்தின் மேகத்தில் சேமிக்க வேண்டும், இல்லையேல் 30 டாலருக்கு ஈடான பணமோ வெகுமதிப் புள்ளிகளோ தர வேண்டும். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பியதும் அங்குள்ளவர்களுக்கு மட்டும் மேகச் சேமிப்பு நிபந்தனை தளர்ந்தது. கேட்டால் தளர்கிற நிபந்தனை தொழில்நுட்பத்தால் வந்ததல்ல.

லினக்ஸுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், பலர் போயிருக்கிறார்கள். 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அன்றைய மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கரின் முயற்சியில், தன் கணினிகளை சூஸி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே காலத்தது. அங்கேயும் ஜிகினா நோய் இல்லாமலில்லை. 2011இல் க்னோம் 3 பழகிய மேசையைப் புரட்டிப் போட்டது. உபுண்டு யூனிட்டி என்ற தோற்றத்தைத் திணித்து 2017இல் கைவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். க்னோமின் பழைய தோற்றமே வேண்டும் என்றவர்கள் அதன் நிரலை எடுத்து ‘மேட்டே’ என்ற பெயரில் தாங்களே தொடர்ந்தார்கள். பழைய முகம், புதிய திருத்தங்கள். நிரல் திறந்திருந்ததால் சோப்பை மறுத்து அரிசியை வாங்கும் உரிமை இருந்தது. கடைக்காரருக்கு இது இன்னும் தீர்வாகவில்லை என்பதும் உண்மை. அவருடைய பிரின்டரும் பேஜ்மேக்கரும் அங்கே முரண்டு பிடிக்கின்றன.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம், தொழில்நுட்ப ரீதியில் இயலும் இடங்களில் பாதுகாப்புத் திருத்தத்தை வசதி மாற்றங்களிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்கிறது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் செயலுக்கு வருகின்றன. நமது 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் கருவி செய்பவரையும் மறுசுழற்சி செய்பவரையும் பொறுப்பாக்குகின்றன. நல்ல கருவியைக் கழிவாக்கும் மென்பொருளைப் பற்றி அவை பேசவில்லை. அரசு ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும்போது ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்க முடியும். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

அதற்கு முன் சிற்றிதழ் நடத்தியவர்கள் செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பழைய இதழ்களைக் கோத்த கடை இன்னும் திறந்திருந்தால், அங்கே மூலையில் எக்ஸ்பி கணினி இன்னும் ஓடினால், பேஜ்மேக்கர் கோப்பையும் அதன் எழுத்துருவையும் சேர்த்தே நகலெடுத்து வாருங்கள். கோப்பை மட்டும் எடுத்துவந்து எழுத்துருவை விட்டுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.